பூட்டிய நோட்டா, சுவரில் மாட்டிய படமா?

எல்லோருக்கும் தலையாட்டியே பழகியவர்கள், அதை விட்டொழிக்கப் படம் வரையலாம் என்று உட்கார்ந்தால் முதலில் வரும் கேள்வி: வரைந்ததை யாருக்காவது காட்டுவதா, வேண்டாமா?

காட்டாத நோட்டில் கை சீக்கிரம் தளரும். நான் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் முதல் பத்துப் பக்கமும் பூ, பூ, பூ. யாருமே பார்க்காத நோட்டிலும் யாரையோ திருப்திப்படுத்திக்கொண்டிருந்தேன்! பதினோராவது பக்கத்தில்தான் எனக்குப் பிடித்த சேற்றுப் பழுப்பைப் பக்கம் முழுக்க அப்பினேன். அசிங்கமாகத்தான் இருந்தது. கிழிக்கவில்லை. 1944இல் மறைந்த ஸ்வீடன் ஓவியர் ஹில்மா ஆஃப் கிளிண்ட், தன் அரூப ஓவியங்களைத் தான் இறந்து 20 ஆண்டுகள் வரை காட்டக் கூடாது என்று சொல்லிவைத்தார். நமக்கு அவ்வளவு வைராக்கியம் வேண்டாம், ஆறு மாதம் போதும்.

சரி, காட்டினால்? “நல்லா இருக்கு, கொஞ்சம் நீலம் சேர்த்திருக்கலாம்” என்பார் ஒருவர். உடனே கை நீலத்தைத் தேடும். “ஓ, அப்படியா” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பதுதான் பயிற்சி. நோட்டுக்குள் இது கிடைக்காது. லைக் எண்ணும் இடத்தில் காட்டினாலோ, பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

என் ஓட்டு நோட்டுக்கே. அது தீர்ந்த அப்புறம் ஒரே ஒருவரிடம் காட்டலாம், அதுவும் கருத்துக் கேட்காமல். என் பழுப்புப் பக்கத்தைத் தோழி தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். நான் அதை நேராகத் திருப்பி வைக்கவில்லை.