கூடாத தொடை எலும்பு: பெரிய ராடா, பக்கத்தில் ஒரு பிளேட்டா?

படுக்கையில் புரண்டு படுக்கும்போது தொடைக்குள் ஏதோ ஒன்று திரும்பும். வலி என்று சொல்ல முடியாது. திருகு கழன்ற கதவுப் பிடியைத் திருப்பினால் கையில் ஒரு வழுக்கல் தெரியுமே, அது மாதிரி. முறிந்த தொடை எலும்பின் குழாய்க்குள் உலோக ராடு வைத்துப் பத்து மாதம் ஆகியிருந்தது. எக்ஸ்ரே எடுத்தால், ராடை எலும்போடு பிணைக்கும் பூட்டுத் திருகுகளில் முழங்கால் பக்கத்துத் திருகு ஒன்று நடுவில் உடைந்திருந்தது. முறிவுக்கோடு முதல் நாள் போலவே கறுப்பாகத் தெரிந்தது.

மருத்துவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, பழைய ராடை உருவிவிட்டு, எலும்புக் குழாயைக் குடைந்து அகலமாக்கி, இன்னும் பருமனான ராடைச் செலுத்துவது. இரண்டாவது, ராடு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். முறிந்த இடத்தைத் திறந்து பக்கவாட்டில் ஒரு பிளேட் வைத்துத் திருகுவது. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

புகை, சர்க்கரை, வைட்டமின் டி குறைவு, தோல் கிழிந்து எலும்பு வெளியே வந்த காயம் இதெல்லாம் எலும்பு கூடுவதைக் கெடுக்கும் என்பது எல்லோரும் அறிந்ததே. புகைப்பவர் எந்த வழியில் போனாலும் முதலில் அதை விட வேண்டும். கிருமித்தொற்று இருந்தால் கதையே வேறு. அப்போது பழைய ராடை உள்ளே விட்டுவைத்து மேலே பிளேட் போடுவது சரிவராது. அதனால்தான் அறுவைக்கு முன் தொற்றுக்கு அறிகுறி காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனைகள் பார்த்தார்கள். திறந்தபோது உள்ளேயிருந்து திசு எடுத்தும், கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பினார்கள்.

ராடு ஒன்றும் மட்டமான சரக்கு இல்லை. 1939இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் எலும்புக் குழாய்க்குள் உலோகக் கம்பியைச் செலுத்தத் தொடங்கினார். இன்றும் தொடை எலும்புத் தண்டு முறிந்தால் முதல் தேர்வு அதன் வழிவந்த ராடுதான். குழாய்க்குள் இருந்தபடி எலும்போடு பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். நூற்றில் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் முறையிலேயே எலும்பு கூடிவிடும். மிச்சப் பேரில் நான் ஒருவன்.

ஆனால் உலோகத்துக்கு ஆயுள் கணக்கு உண்டு. நாளைக்கு 5,000 காலடி எடுத்து வைத்தால் ஒரு காலுக்கு 2,500 முறை பாரம் விழுகிறது. ஆறு மாதத்தில் நாலரை லட்சம் முறை. அதற்குள் எலும்பு கூடிப் பாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் களைப்பது உலோகம்தான். எனக்குத் திருகு உடைந்ததால் எலும்பு கூடாமல் போகவில்லை. எலும்பு கூடாததால் திருகு உடைந்தது. இது எனக்கு உறைக்கவே ஒரு வாரம் ஆயிற்று. அதுவரை, திருகு போட்டவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

சரி, ஏன் கூடவில்லை? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

தொடை எலும்பின் உட்குழாய் ஒரே அகலமான பைப் இல்லை. உடுக்கை மாதிரி நடுவில் ஒடுங்கி, முழங்காலை நெருங்க நெருங்க விரியும். மருத்துவர் மேஜையில் இருந்த பேனாவை அதன் மூடிக்குள் செருகிக் காட்டினார், ஆடவில்லை. அதே பேனாவைக் காலி மாத்திரை டப்பாவில் விட்டுக் காட்டினார். “உங்களுக்கு உடைஞ்சது இந்த டப்பாவுல,” என்றார். முறிவு முழங்காலிலிருந்து அரைச் சாண் உயரத்தில். ராடு 10 மில்லிமீட்டர். அந்த இடத்தில் குழாய் அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். ராடை அங்கே சுவர் பிடிக்கவில்லை, இரண்டு திருகுகள்தான் பிடித்திருந்தன. காலை ஊன்றும்போது வரும் பாரத்தை அது ஒருவழியாகத் தாங்கியது. பாதத்தைத் திருப்பும்போது வரும் முறுக்கைத்தான் தாங்கவில்லை.

முறிவில் கொஞ்சம் அசைவு இருந்தால் நல்லதுதான், முறிவைச் சுற்றிப் பாலமாக வளரும் கேலஸ் என்ற புது எலும்புத் திசு அதனால்தான் வளர்கிறது. ஆனால் அளவு உண்டு. அசைவு இடைவெளியின் 2 சதவீதத்துக்குள் நின்றால் நேராகவே கெட்டி எலும்பு உருவாகும், 10 சதவீதம் வரை போனால் கேலஸ் வழியாக எலும்பு கூடும் என்பது ஸ்விஸ் எலும்பு ஆய்வாளர் ஸ்டீபன் பெர்ரன் சொன்ன கணக்கு. அதைத் தாண்டினால் நாரும் குருத்தெலும்புமாக நின்றுவிடும். என் எக்ஸ்ரேயில் முறிவின் இரு ஓரமும் புடைத்திருந்தன. இதற்கு யானைப் பாதம் என்று பெயர் (யானைக்கால் நோயோடு சம்பந்தமில்லை). ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, உடம்பு பாலம் கட்டப் பார்க்கிறது, அசைவு விடவில்லை என்று பொருள்.

இப்போது பெரிய ராடை யோசித்துப் பாருங்கள். 12 மில்லிமீட்டர் போட்டால் நடுவில், அந்த ஒடுங்கிய இடத்தில், கிண்ணென்று நிற்கும். குடையும்போது உதிரும் எலும்புத் தூளும் உரமாகும். முறிவு அங்கே இருந்திருந்தால் மறுபேச்சில்லாமல் அதற்கே போயிருப்பேன். பழைய தழும்பு வழியாகவே வேலை முடியும், முறிவைத் திறக்க வேண்டாம். ஆனால் டப்பாவுக்குள் 10 மில்லிமீட்டர் பேனாவுக்குப் பதில் 12 மில்லிமீட்டர் பேனா போட்டு என்ன பயன்? குடையும் கருவிகூட அங்கே சுவரைத் தொடாது. மறுபடியும் திருகுகளை நம்பித்தான் நிற்க வேண்டும்.

பிளேட் இதை நேராகத் தீர்க்கிறது. பாரம் ராடுக்கு, முறுக்கு பிளேட்டுக்கு. உள்ளே ராடு இருப்பதால் சில திருகுகள் அதை ஒட்டி விலகிப் போகும். சில, எலும்பின் ஒரு சுவரை மட்டும் பிடிக்கும். உடைந்த திருகின் உள்பாதி இன்னும் என் காலுக்குள்தான் இருக்கிறது. ராடை உருவுவதாக இருந்தால் அதைத் தோண்டி எடுத்தே ஆக வேண்டியிருந்திருக்கும்.

பூட்டுத் திருகை மட்டும் கழற்றி எலும்பு முனைகள் நெருங்க விடும் மூன்றாவது வழியையும் கேட்டேன். “அதை உங்க காலே செஞ்சு பாத்துடுச்சே,” என்றார், உடைந்த திருகைச் சொல்லி.

பிளேட்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். தொடையின் வெளிப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் புதுத் தழும்பு. ரத்தம் கூடுதலாகப் போயிற்று. முழங்கால் மடங்க, ராடு வைத்தபோது ஆனதைவிட அதிக நாள் பிடித்தது. ராடே உடைந்திருந்தால் இந்த வழி கிடையாது, அதை எடுத்தே தீர வேண்டும். எலும்பு முனைகள் புடைக்காமல் ஒல்லியாகச் சுருங்கியிருந்தால் இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து வைப்பார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை, அந்த வலி எப்படி என்று அனுபவித்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஆறாவது வாரம் எக்ஸ்ரேயில் ஒரு பக்கம் லேசான வெண்மேகம். ஐந்தாவது மாதம் நான்கில் மூன்று பக்கம் பாலம் விழுந்துவிட்டது. புரண்டு படுக்கும்போது வந்த வழுக்கல் மட்டும் அறுவை முடிந்த இரண்டாம் நாளே இல்லை. பிளேட்டின் கீழ் முனை முழங்காலை மடக்கும்போது தசையில் உரசுகிறது. எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, ஒன்றரை வருஷம் போகட்டும் என்றிருக்கிறார்.