ஸ்கேனரா, மல்டிமீட்டரா? வீட்டில் பைக் பழுது பார்த்த சில ஆண்டுகள்

பைக்குக்கு ஸ்கேனர் (வண்டியின் கணினி பதிந்து வைத்த பிழைகளைப் படிக்கும் கருவி) வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், மல்டிமீட்டர் (வோல்ட், மின்தடை அளக்கும் மீட்டர்) இருக்கிறதா என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம். கேள்விக்குக் கேள்வியா என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. சில ஆண்டுகளாக இரண்டு வண்டிகளை வீட்டிலேயே பராமரித்து வருகிறேன். ஒன்று கார்புரேட்டர் வைத்த பழைய ஒற்றைச் சிலிண்டர் வண்டி. மற்றது இன்ஜெக்டர் வைத்த இரட்டைச் சிலிண்டர் வண்டி. பழையதில் ஸ்கேனருக்கு வேலையே இல்லை. மல்டிமீட்டர் இரண்டுக்கும் உதவுகிறது.

இருந்தாலும் ஸ்கேனரிலிருந்தே தொடங்குகிறேன், எல்லோருக்கும் ஆசை அதன் மேல்தான். என்னிடம் இருப்பது ஈஎல்எம்327 வகை புளூடூத் அடாப்டர். கைப்பேசிச் செயலியோடு இணைந்து வேலை செய்யும். கார்களில் உள்ள பதினாறு முள் சாக்கெட்டுக்காகச் செய்யப்பட்ட பொருள் இது. பைக்கில் அந்தச் சாக்கெட் அநேகமாக இருக்காது. யூரோ 5 என்ற ஐரோப்பியப் புகை விதிகளுக்குப் பின் வந்த பல வண்டிகளில் ஆறு முள் கொண்ட சிவப்புக் கனெக்டர் இருக்கிறது, பெரும்பாலும் சீட்டுக்கு அடியில். அதற்கு முந்தைய வண்டிகளில் நிறுவனத்துக்கு நிறுவனம் வடிவம் மாறும். ஆகவே அடாப்டரோடு, நம் வண்டிக்கான இணைப்பு ஒயரையும் சேர்த்தே வாங்க வேண்டும். கனெக்டர் பொருந்திவிட்டால் வேலை முடிந்ததாகவும் எண்ண வேண்டாம். வண்டி கேன் என்ற தகவல்தொடர்பு முறையில் தகவல் தருகிறதா, கே-லைன் என்ற பழைய முறையிலா என்று பார்க்க வேண்டும். மலிவான நகல் அடாப்டர்கள் சிலவற்றில், குறிப்பாக 2.1 என்று அச்சிட்டு வருபவற்றில், சில கட்டளைகளே வேலை செய்வதில்லை. காரில் ஒழுங்காக ஓடும் அதே அடாப்டர் பைக்கில் மௌனம் காப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இணைத்தாயிற்று, பிழைக் குறியீடும் வந்துவிட்டது. அதை எப்படிப் படிப்பது என்பதில்தான் பணம் மிச்சமாவதும் வீணாவதும். குறியீடு தெருவைச் சொல்லும், வீட்டைச் சொல்லாது.

என் இன்ஜெக்டர் வண்டியில் மழையில் ஓட்டிய பிறகு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஸ்கேனர் காட்டிய குறியீடு பி0118. குளிரூட்டியின் வெப்பநிலை சென்சார் சர்க்யூட்டில் மின்னழுத்தம் அதிகம் என்று பொருள். இணையத்தில் தேடினால் சென்சாரை மாற்று என்று பத்துப் பேர் சொல்வார்கள். நேரடி அளவீடுகளைத் திறந்து பார்த்தேன்: இன்ஜின் வெப்பநிலை −40 டிகிரி. சுடச்சுட நிற்கும் இன்ஜினுக்கு இப்படி ஒரு அளவு! ஓபிடி (வண்டி தன் பழுதைத் தானே அறிவிக்கும் பொது முறை) கணக்கில் இந்த அளவீட்டின் கீழ் எல்லையே −40 தான். இந்த வகைச் சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும், குளிரக் குளிரக் கூடும். இணைப்பு அறுந்துவிட்டால் தடை எல்லையற்றதாகிவிடுகிறது. ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) அதைக் கடுங்குளிர் என்று படிக்கிறது. ஆக, எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. அது சென்சாருக்கு உள்ளேயா வெளியேயா என்று ஸ்கேனரால் சொல்ல முடியாது.

இங்கே மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றிச் சென்சாரின் தடையை அளந்தேன். இன்ஜின் ஆறியிருந்த நிலையில் சுமார் 2.3 கிலோ ஓம் காட்டியது. சர்வீஸ் கையேட்டில் போட்டிருந்த வரம்புக்குள்தான். அதாவது சென்சார் நன்றாக இருக்கிறது. சாவியைத் திருப்பி ஒயர் பக்கம் அளந்தால் 5 வோல்ட் வருகிறது, கனெக்டரை லேசாக அசைத்தால் காணாமல் போகிறது. உள்ளே ஒரு முள்ளில் பச்சைப் பாசி பிடித்திருந்தது. காண்டாக்ட் கிளீனர் தெளித்து, முள்ளை இறுக்கி, நீர் புகாமல் காக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவிப் பூட்டினேன். அந்தக் குறியீடு பிறகு வரவில்லை. புதுச் சென்சார் வாங்கி மாட்டியிருந்தாலும், மாட்டும்போது கனெக்டர் அசைந்ததில் விளக்கு சில நாள் அணைந்திருக்கும். சென்சார்தான் பழுது என்ற நம்பிக்கை இப்படித்தான் பரவுகிறது என்பது என் சந்தேகம்.

குறியீட்டை அழிக்கும் பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். பிழை பதிவான நேரத்தில் வேகம், வெப்பநிலை, திராட்டில் (ஆக்சிலரேட்டரைத் திருகினால் திறக்கும் காற்று வழி) ஆகியவை எந்த நிலையில் இருந்தன என்று பல வண்டிகள் சேமித்து வைக்கின்றன. அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். முதலில் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனரில் எனக்கு மிகவும் பிடித்தது குறியீடு படிப்பது அல்ல, நேரடி அளவீடுகள். காலையில் இன்ஜினை இயக்குமுன் சாவியை மட்டும் திருப்பினால், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் குளிரூட்டியின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இரவு முழுதும் நின்ற வண்டியில் இரண்டும் வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்திருக்கும். பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு சென்சார் பொய் சொல்கிறது. அதே நிலையில் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) அழுத்தம் கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும், உயரமான ஊர்களில் குறையும். எரிபொருள் திருத்த விகிதம், அதாவது ஈசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு, இன்னும் சுவையானது. ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது) அது கூட்டல் பக்கம் நன்றாக ஏறி, ஆர்பிஎம் கூட்டியதும் இயல்புக்கு இறங்கினால், இன்டேக் ரப்பர் பக்கம் காற்றுக் கசிவைத் தேடலாம். ஐடிலில் சரியாக இருந்து, சுமை கூடும்போது ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போகலாம். எல்லா வண்டியும் இந்த எண்ணை வெளியே தருவதில்லை என்பது வேறு வருத்தம்.

ஸ்கேனரால் ஆகாதவை நிறைய. பொது அடாப்டர் இன்ஜின் பிழைகளைப் படிக்கும். ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் பெரும்பாலும் கைவிரித்துவிடும். சர்வீஸ் நினைவூட்டலை அணைப்பது, ஏபிஎஸ் மாடுலில் பிரேக் எண்ணெயில் சிக்கிய காற்றை எடுப்பது போன்றவற்றுக்கு அந்தந்த நிறுவனத்துக்கென்று வரும் கருவி தேவைப்படலாம். செயலிகளின் தொல்லை தனி: ஒருமுறை காசு கட்டி வாங்கிய செயலி, ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு மாதச் சந்தா கேட்க ஆரம்பித்தது. அடாப்டரைச் செருகியபடியே விட்டுவிடுவதும் நல்லதல்ல. சில வண்டிகளின் கனெக்டரில் சாவி அணைத்த பிறகும் மின்சாரம் வந்துகொண்டிருக்கும். பைக் பேட்டரி சிறியது, சில நாளிலேயே காலியாகிவிடும்.

பேட்டரி என்றதும் மல்டிமீட்டருக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. சார்ஜிங் கோளாறு வந்தபோது என் வண்டியின் ஈசியூ ஒரு வார்த்தை சொல்லவில்லை, விளக்கும் எரியவில்லை. மல்டிமீட்டரில், இரவு முழுதும் நின்ற பேட்டரி 12.7 வோல்ட், அதாவது முழு சார்ஜ். ஸ்டார்ட்டர் சுழலும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. ஆக, பேட்டரிக்குக் குறையில்லை. ஆனால் இன்ஜின் ஓடும்போது 4,000 ஆர்பிஎம்மிலும் 12.6 தான். அங்கே 13.8 முதல் 14.5 வரை வந்திருக்க வேண்டும். ஸ்டேட்டரின் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கம்பிச் சுருள்) கனெக்டரைக் கழற்றி மூன்று மஞ்சள் ஒயர்களையும் இரண்டிரண்டாக அளந்தேன். மூன்று ஜோடியிலும் ஏசி வோல்ட் சமமாக ஏறியது. எர்த்துக்கு எந்த ஒயரும் தொடர்பில்லை. மிச்சம், அந்த ஏசியை டிசியாக்கி அளவோடு பேட்டரிக்கு அனுப்பும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர். டையோடு சோதனையில் வைத்தபோது ஒரு ஜோடியில் இரு திசையிலும் மின்சாரம் பாய்ந்தது. ஒரு திசையில் மட்டும்தான் பாய வேண்டும். அதை மாற்றியதோடு சரி. ஏசி அளவுக்கு மீட்டரை மாற்றாமல் ஸ்டேட்டரைத் தொடாதீர்கள். அங்கே ஐம்பது, அறுபது வோல்ட்டுக்கு மேலும் வரும், கைக்கும் ஆபத்து.

விலை உயர்ந்த மீட்டர் தேவையில்லை, ஆனால் முனை ஒயர்கள் நல்லவையாக இருக்க வேண்டும். முதல் மீட்டரில் முதலில் கெட்டது ஒயர்தான். உள்ளே அறுந்து, இல்லாத பழுதையெல்லாம் காட்டியது. இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்துவிட்டே இப்போது வேலையைத் தொடங்குகிறேன். ஒயரின் உறையைக் குத்தி அளப்பதையும் தவிர்க்கவும். அந்தத் துளை வழியாக நீர் இறங்கி, அடுத்த மழைக்காலத்தில் புதிய பழுதைத் தரும். கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய ஊசி நுழைத்து அளப்பதே முறை.

பழைய வண்டிக்கு அதிகம் உதவியது, சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ். காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தது. பிளக்கில் தீப்பொறி நன்றாக இருந்தது, கார்புரேட்டரும் சுத்தம். கேஜைத் திருகி, திராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து அளந்ததில் அழுத்தம் குறைவு. திராட்டிலை மூடி வைத்தால் காற்றே போதுமான அளவு உள்ளே வராது. அப்போது எந்த இன்ஜினும் நோயாளிதான். பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மீண்டும் அளந்தேன். அளவு ஏறியிருந்தால் பிஸ்டன் ரிங் பழுது என்று பொருள். ஏறவில்லை, ஆகவே சந்தேகம் வால்வு மேல். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தால், எக்ஸாஸ்ட் வால்வை அழுத்தித் திறக்கும் டேப்பட்டில் இடைவெளியே இல்லை, வால்வு முழுதாக மூடாமல் நின்றிருந்தது. திருகைச் சரிசெய்ததும் அழுத்தம் மீண்டது. ஒரு எச்சரிக்கை: சில இன்ஜின்களின் கேம்ஷாஃப்டில் ஸ்டார்ட்டிங்கை எளிதாக்க அழுத்தம் குறைக்கும் ஏற்பாடு இருக்கும். அவற்றில் கேஜ் எப்போதும் குறைவாகவே காட்டும். கையேட்டில் தந்த எண்ணோடு ஒப்பிடாமல் இன்ஜினைப் பிரிக்க வேண்டாம்.

தொடாமல் சூடு அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரட்டைச் சிலிண்டரில் ஒன்று எரியாமல் போனால் இரு எக்ஸாஸ்ட் குழாய்களின் சூட்டையும் ஒப்பிட்டு உடனே கண்டுபிடிக்கலாம். பளபளக்கும் குரோம் குழாயில் நேரடியாகக் காட்டினால் தப்பான எண் தரும். வெப்பம் தாங்கும் கறுப்புப் பெயின்ட்டைச் சிறு பொட்டாக இட்டு அங்கே அளக்க வேண்டும்.

கருவிகளுக்கு நிகராக உழைத்தது ஒரு நோட்டுப் புத்தகம். வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நாளில் எடுத்த அளவுகள் அதில் இருக்கின்றன: நின்ற நிலையில் வோல்ட், ஓடும்போது வோல்ட், ஐடிலில் மேனிஃபோல்டு அழுத்தம், திராட்டில் மூடியிருக்கும்போது சதவீதம், கம்ப்ரஷன், டேப்பட் இடைவெளி. சர்வீஸ் கையேடு ஒரு வரம்பைத்தான் தருகிறது. என் வண்டி அந்த வரம்புக்குள் எங்கே நிற்கும் என்பது நோட்டில்தான் தெரியும். கம்ப்ரஷன் வரம்புக்குள் இருந்தும், போன ஆண்டைவிட இறங்கியிருக்கிறது என்று கவனித்து டேப்பட்டை முன்கூட்டியே பார்த்ததுண்டு.

அடுத்து மனத்தில் இருப்பது லீக்-டவுன் டெஸ்டர். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி, அது எக்ஸாஸ்ட் வழியாகக் கசிகிறதா, ஏர் ஃபில்டர் பக்கமா, பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிரேங்க் கேஸுக்குள்ளா என்று காதால் கேட்டே சொல்லிவிடலாம். ஆனால் அதற்குக் காற்றுக் கம்ப்ரசர் வேண்டும். கம்ப்ரசர் வைக்க இடம் வேண்டும். இடத்துக்கு வழி பிறக்கும்வரை ஆயில் விட்டு அளக்கும் பழைய முறையே போதும் என்றிருக்கிறேன்.