1977 முதல் எங்கள் வீட்டில் ‘டேப்பஸ்ட்ரி’

அமெரிக்கப் பாடகியும் பாட்டமைப்பாளருமான கேரல் கிங்கின் ‘டேப்பஸ்ட்ரி’ இசைத்தட்டை என் அக்கா 1977ஆம் ஆண்டு தம் முதல் சம்பளத்தில் வாங்கி வந்தார். அதுவரை சிங்கப்பூரின் தோ பாயோவில் இருந்த எங்கள் மூவறை வீட்டில் தமிழ்த் திரைப்பாட்டைத் தவிர வேறெதுவும் ஒலித்ததில்லை. அட்டைப் படத்தில் ஒரு பெண் ஜன்னலோரம் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறார். கையில் அவரே தைத்த பூத்தையல், முன்னால் ஒரு பூனை. ‘யார் வீட்டுப் பெண் இது?’ என்று அம்மா கேட்டது நினைவிருக்கிறது. அன்று தொடங்கி இன்றுவரை தட்டு, ஒலிநாடா, குறுந்தட்டு, கைப்பேசி என எல்லா வடிவத்திலும் இதைக் கேட்டு வருகிறேன். இத்தனை காலம் சலிக்காமல் இருந்ததற்கு என்ன காரணம் என்பதை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

1971 பிப்ரவரி 10 அன்று வெளிவந்த இத்தொகுப்பில் 12 பாடல்கள். மொத்தம் 44 நிமிடங்கள். கேரல் கிங் அப்போது புதியவர் அல்லர். பதின்ம வயதிலிருந்தே, பின்னாளில் பிரிந்த கணவர் ஜெரி காஃபினோடு சேர்ந்து, பிறருக்காகப் பாட்டுக் கட்டிக் கொடுத்தவர். ‘வில் யூ லவ் மீ டுமாரோ’ ஷிரெல்ஸ் குழுவினரின் குரலில் 1961 தொடக்கத்தில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தபோது அவருக்கு வயது 18. ‘எ நேச்சுரல் உமன்’ பாட்டை 1967இல் அரீத்தா ஃபிராங்க்ளின் பாடிப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனார். அந்த இரண்டையும் இத்தொகுப்பில் மெட்டமைத்தவரே பாடுகிறார். நம் திரையிசையில் இசையமைப்பாளர் முதலில் பாடிக்காட்ட, பின்னணிப் பாடகர் அதைக் கேட்டுப் பாடுவார். அந்தப் பாடிக்காட்டும் குரல் நமக்குக் கிடைப்பது அரிது. ‘டேப்பஸ்ட்ரி’யில் கிடைப்பது அந்தக் குரல்தான். தயாரிப்பாளர் லூ அட்லரும், கேரல் கிங் பாட்டு விற்பதற்காகப் பதிந்து கொடுத்த மாதிரிப் பதிவுகளின் நெருக்கத்தைக் காப்பாற்றவே விரும்பினார். அதனால் பியானோ முன்னால் நிற்கிறது. மற்றக் கருவிகள் ஒதுங்கி நின்று துணை செய்கின்றன. அரீத்தாவின் பதிவில் வாத்தியக் குழுவே திரண்டு வருகிறது என்றால், கேரல் கிங்கிடம் பியானோவும் பாஸ் என்னும் தாழ்சுரக் கருவியும் மட்டும்தான். ‘வில் யூ லவ் மீ டுமாரோ’வையும் வேகம் குறைத்து, பாடகர்கள் ஜேம்ஸ் டெய்லரும் ஜோனி மிட்செலும் பின்குரல் கொடுக்கப் பாடுகிறார். நாளைக்கும் இந்த அன்பு இருக்குமா என்று பதின்ம வயதுப் பெண் கேட்ட கேள்வியை, வாழ்ந்து பார்த்த ஒருத்தி மறுபடியும் கேட்பதுபோல் இருக்கிறது.

அவருடைய குரலில் கரகரப்பு உண்டு. மேல் ஸ்தாயியில் கொஞ்சம் மெலிந்துவிடும். முதல் சில ஆண்டுகள் இதைக் குறையாகவே எண்ணினேன். சுசீலா அம்மாவின் பாட்டு ஒலித்தால் அக்கா வாயே திறக்கமாட்டார், ‘அந்தச் சுருதியெல்லாம் நமக்கு எட்டாது’ என்று கேட்பதோடு சரி. ஆனால் துணி மடித்துக்கொண்டே கேரல் கிங்கோடு சேர்ந்து ஒரு பக்கம் முழுவதையும் பாடிவிடுவார். எங்கள் கட்டைக்கு எட்டும் குரல் அது. பள்ளிப் பிரியாவிடை நாளில் ஒருவர் கிட்டாரை எடுத்தால் கூப்பிட்டால் வந்து நிற்பேன் என்று நண்பருக்குச் சொல்லும் இத்தொகுப்பின் ‘யூவ் காட் எ ஃபிரண்ட்’ பாட்டை வெட்கமில்லாமல் எல்லாரும் சேர்ந்து பாடியதற்கும் இதுவே காரணம் என்று இப்போது புரிகிறது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் தொடர்ந்து 15 வாரம் முதலிடம், 1972இல் நான்கு கிராமி விருதுகள் என்ற பெருமையெல்லாம் உண்மைதான். எனினும், கேட்பவர் வாயிலும் இடம்பிடிக்கும் குரல் என்பதால்தான் இந்தத் தொகுப்பு வீடுகளில் தங்கியது என்பது என் கணிப்பு.

எல்லாப் பாட்டும் எனக்கு ஒரே அளவு பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். துப்பாக்கிக்காரன் கதை சொல்லும் ‘ஸ்மாக்வாட்டர் ஜாக்’ இன்றும் மனத்தில் ஒட்டவில்லை.

வடிவங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். சிங்கப்பூரின் ஈரக் காற்றில் ஒலிநாடாவைப் பாதுகாப்பது பெரும்பாடு. 1985இல் வாங்கியது சில ஆண்டுகளிலேயே வெள்ளைப் பூஞ்சணம் பிடித்து, நாடா ஒட்டிக்கொண்டு அறுந்தது. தட்டின் அட்டை ஓரங்களிலும் பழுப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டன. இப்போது கேமராக்காரர்கள் வைத்திருப்பதுபோன்ற ஈரம் உறிஞ்சும் பெட்டியில் செங்குத்தாக நிறுத்தி வைத்திருக்கிறேன். குறுந்தட்டில் ஒலி சுத்தம். கைப்பேசியில் வசதி அதிகம், ஆனால் வரிசையைக் கலைத்துப் போடும் பழக்கம் இத்தொகுப்புக்கு ஆகாது. முதல் பக்கம் ‘வே ஓவர் யாண்டர்’ பாட்டோடு முடியும். எழுந்துபோய்த் தட்டைத் திருப்பி, தூசியைத் துடைத்து, ஊசியை வைக்கும் அந்த அரை நிமிட அமைதிக்குப் பிறகு ‘யூவ் காட் எ ஃபிரண்ட்’ பியானோ தொடங்கும். அந்த இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்துக் கேட்கும்போது, கூப்பிட்டதும் ஒருவர் வந்து நிற்பதுபோன்ற அந்த உணர்வு எனக்குக் கிடைப்பதில்லை.

அக்கா 1989இல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குக் குடிபெயர்ந்தார். தட்டை என்னிடம் விட்டுச் சென்றார். முதல் பக்கத்தின் நான்காம் பாட்டு, வீடு திரும்ப ஏங்கும் ‘ஹோம் அகெய்ன்’. அதில் ஒரு கீறல் உண்டு. ஊசி அங்கே வந்ததும் துள்ளி, இரண்டு சொற்களை விழுங்கிவிட்டு அடுத்த அடிக்குப் போகும். ஈசூனில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவோடு பேசும்போது, சில நாள் தட்டை ஓடவிட்டுக் கைப்பேசியை அருகில் வைப்பேன். சென்ற ஆண்டு புதிதாக அச்சிட்ட தட்டு ஒன்று வாங்கினேன். கீறல் இல்லை, பாட்டு முழுசாக ஓடியது. மறுமுனையில் கூடப் பாடிக்கொண்டிருந்த அக்கா, அந்த இடம் வந்ததும் பழக்கத்தில் இரண்டு சொற்களை விட்டுத் தாண்டிப் போய், பிறகு நின்றார். ‘தம்பி, இது நம்ம தட்டு இல்லையே’ என்றார். பழையதை எடுத்து மாற்றிப் போட்டேன்.