பூர்போன் புவாந்த்யு: தூக்கத்துக்காக வாங்கிய காபி

மாலை ஐந்து மணிக்கு ஒரு டம்ளர் ஃபில்டர் காபி உள்ளே போனால்தான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த மாதிரியே எனக்கு இருக்கும். புதுச்சேரிப் பழக்கம், இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் சேன் தெனிக்கு வந்து பதினொரு வருடமாகியும் போகவில்லை. ஆனால் நாற்பதைத் தாண்டியபின் அந்த ஒரு டம்ளர் இரவு ஒரு மணி வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுக்க வைத்தது. இந்தத் தீவில் ஊரே விடிவதற்கு முன் எழுந்து ஆறரைக்கெல்லாம் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும், ஒரு மணிக்குத் தூங்கினால் கட்டுப்படியாகாது. அலுவலகத் தோழி ஒருத்தி, "பாதி கஃபீன்தான் இருக்கிற காபி நம்ம தீவிலேயே விளையுதே, தெரியாதா?" என்றாள். அந்த வெள்ளிக்கிழமையே சேன் போல் கடற்கரைச் சந்தைக்குப் போய் அந்தக் காபியை, பூர்போன் புவாந்த்யுவை, நூறு கிராம் வாங்கிவிட்டேன். நாற்பது யூரோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆமாம், நூறு கிராம்தான், அரைக் கிலோ இல்லை.

இந்த விலைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ரீயூனியனுக்குப் பழைய பெயர் பூர்போன். 1715இல் ஏமனின் மோக்கா பக்கத்திலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் காபிச் செடியை இங்கே கொண்டுவந்தார்கள், உலகமெங்கும் 'போர்பன்' என்று விற்கும் அராபிகா வகைக்கு இந்தத் தீவின் பெயர்தான். அதிலிருந்து தானாக மாறிப் பிறந்ததுதான் புவாந்த்யு. குட்டைச் செடி, கூம்பு மாதிரி வளரும், கொட்டையின் ஒரு முனை கூராக இருக்கும், 'புவாந்த்யு' என்றாலே கூரானது என்றுதான் பொருள். புயல், இலைநோய், அப்புறம் எல்லா நிலத்தையும் விழுங்கிய கரும்பு (நம்மவர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்ததே அந்தக் கரும்புக்காகத்தான்), இவற்றுக்கு நடுவே இந்தக் காபி ஏறக்குறைய மறைந்தே போனது. 1999இல் யோஷியாக்கி கவாஷிமா என்ற ஜப்பானியக் காபி நிபுணர் இதைத் தேடிக்கொண்டு வந்த பிறகுதான் மறுபடி பயிரிட ஆரம்பித்தார்கள். விளைச்சல் குறைவு, பறிப்பது கையால், அதனால் விலை அப்படி.

சரி, சுவை. முதல் நாள் நான் செய்தது முட்டாள்தனம். பித்தளை ஃபில்டரில் போட்டு டிகாஷன் இறக்கிப் பாலைக் கலந்துவிட்டேன். சிக்கரி இல்லாத பொடி, வெந்நீர் நிற்காமல் சரசரவென்று இறங்கி, டீத்தண்ணி நிறத்தில் ஒன்று வந்தது. பால் விட்டதும் காபி இருந்த இடமே தெரியவில்லை. காரைக்காலிலிருந்து வந்திருந்த அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு டபராவைக் கீழே வைத்தார். "ஏம்மா, இதுக்கா அவ்ளோ காசு குடுத்தே? கருப்பட்டி போட்டுச் சுக்குக் காபி வச்சிருந்தா தூக்கமும் வந்திருக்கும், காசும் மிச்சம்." சுக்குக் காபியில் காபியே கிடையாது என்பதால், தூக்க விஷயத்தில் அத்தை சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

மறுநாள் காகித வடிகட்டியில், பால் இல்லாமல், சர்க்கரை இல்லாமல் போட்டேன். அப்போதுதான் புரிந்தது. கசப்பு மிகக் குறைவு. கஃபீனே கசப்பான பொருள்தான், அது குறைந்தால் நாக்குக்குத் தெரியத்தான் செய்யும். கமலா ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த வாசனை லேசாக, ஆறினபின் இன்னும் நன்றாக. கறுப்புக் காபி என்றாலே முகம் சுளிக்கும் நான் முழுக் கோப்பையையும் குடித்தேன்.

இப்போது நான் காசு கொடுத்த விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண அராபிகாவில் எடைக்கு 1.2 சதவீதம் போலக் கஃபீன், ரொபஸ்டா என்ற இன்னொரு காபி வகையில் அதைப்போல இரண்டு மடங்கு கூட இருக்கும், புவாந்த்யுவில் 0.6 பக்கம். ஊரிலிருந்து எனக்கு வரும் பொடியில் முப்பது சதவீதம் சிக்கரி, அதில் கஃபீன் அறவே இல்லை. அதனால் என் பத்து கிராம் பொடியில் தோராயமாக 84 மில்லிகிராம், புவாந்த்யு பத்து கிராமில் 60. சிக்கரி ஏற்கெனவே பாதி வேலையைச் செய்துவிட்டதால், வித்தியாசம் பொட்டலத்தில் பெருமையடித்துக்கொள்ளும் அளவுக்கு இல்லை, ஆனாலும் இருக்கிறது. நாள் முழுக்க விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து 'போதும், படு' என்று சொல்லும். கஃபீன் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு அந்தச் சேதியைச் சேரவிடாமல் தடுக்கிறது, புதிதாகச் சக்தி எதையும் தருவதில்லை. உள்ளே போனதில் பாதி கழிய சுமார் ஐந்து மணி நேரம். ஐந்து மணிக்குக் குடித்த 84இல் பத்து மணிக்கு 42 மிச்சம், விடிகாலை மூன்றுக்குக்கூட 20க்கு மேல். புவாந்த்யுவானால் படுக்கும்போது 30.

முதல் வாரம் பதினோரு மணிக்குள் தூங்கிவிட்டேன். அந்தத் தைரியத்தில் காலைக் காபியையும் இதற்கே மாற்றினேன், மறுநாள் மதியம் நெற்றியில் ஆணி அடித்த மாதிரி தலைவலி. தினமும் குடிப்பவர்கள் திடீரென்று குறைத்தால் ஒரு நாளுக்குள் இது தொடங்கும், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். எனக்கு மூன்று நாள். குறைப்பதானால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

இரண்டாவது வாரம் பழையபடி விட்டம். காரணம் நானேதான். 'இதில்தான் ஒன்றும் இல்லையே' என்று ஐந்துக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று, பாத்திரம் கழுவிவிட்டு ஒன்று. மூன்று அறுபது நூற்றெண்பது, என் பழைய டம்ளரைவிட அதிகம்! 400 மில்லிகிராமைப் படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு எடுத்தாலே ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைகிறது என்று 2013இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அளவு என்னுடையதைவிடப் பெரிது, நேரமோ அதைவிடத் தள்ளி.

வீட்டுக்காரர் மட்டும் ராத்திரி எட்டரைக்கு எஸ்ப்ரெசோ குடித்துவிட்டுக் குறட்டை விடுவார். கஃபீனைக் கரைக்கும் கல்லீரல் நொதி எல்லோருக்கும் ஒரே வேகத்தில் வேலை செய்யாது. சிகரெட் அதை முடுக்கிவிடும், கருத்தடை மாத்திரை மந்தப்படுத்தும், கர்ப்பத்தில் இன்னும் மந்தம். இவர் சிகரெட்டை விட்ட வருடம் அதே எஸ்ப்ரெசோவுக்குக் கை நடுங்கியதும், நாங்கள் சர்க்கரை நோயோ என்று பயந்து டாக்டரிடம் ஓடியதும் தனிக் கதை. கர்ப்பிணிகள் கேட்டால், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் வரம்பு நாளுக்கு 200 மில்லிகிராம், மற்றப் பெரியவர்களுக்கு 400.

குறை என்றால், நான் வாங்கிய கடையின் பொட்டலத்தில் வறுத்த தேதியே இல்லை, கேட்டதற்கு 'புதுசுதான்' என்று சிரித்தார்கள். இவ்வளவு விலைக்கு விற்பவர்கள் அதையாவது அச்சடிக்கலாம். பொடியாக வாங்காதீர்கள், நான்கே நாளில் அந்த ஆரஞ்சு வாசனை பறந்துவிட்டது. கொட்டையாக வாங்கி அவ்வப்போது அரைத்துக்கொள்ளுங்கள்.

சுவைக்கு ஐந்துக்கு நாலரை, விலைக்கு ஒன்று. தூக்கத்துக்காக வாங்குவதானால் வேண்டவே வேண்டாம். ஐரோப்பாவில் கஃபீன் நீக்கியது என்று விற்கும் வறுத்த காபியில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, சூப்பர்மார்க்கெட்டில் சில யூரோவுக்குக் கிடைக்கும். அதில் சிக்கரி கலந்து ஃபில்டரில் இறக்கினால், அத்தையே இரண்டாவது டம்ளர் கேட்டார். வார நாட்களில் மாலைக்கு இப்போது அதுதான். மிச்சமிருக்கும் இருபது கிராம் புவாந்த்யுவை மூடி இறுக்கமான டப்பாவில் ஞாயிறு காலைக்கு வைத்திருக்கிறேன், ஒரு கோப்பை, பால் இல்லாமல்.