ஒன்ராறியோ ஏரியில் சால்மனுக்கும் லேக் ட்ரவுட்டுக்கும் ட்ரோலிங்: பல வருடம் பாவித்த படகும் கருவிகளும்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில், ஏரியின் வடகரையில் உள்ள புளஃபர்ஸ் பார்க்கில் படகை இறக்கி, ஒன்ராறியோ ஏரியில் சினூக் சால்மனுக்கும் லேக் ட்ரவுட்டுக்கும் ட்ரோலிங் போகிறவன் நான். படகை மெதுவாக ஓட்டியபடி பொய் இரைகளைப் பின்னால் இழுத்துச் செல்வதுதான் ட்ரோலிங். பல வருடமாக ஒரே படகு. அதில் பூட்டிய சாமான்களில் சில மாறிவிட்டன, சில இன்னும் உழைக்கின்றன. புதிதாகப் படகு வாங்குகிற நண்பர்கள் முதலில் கேட்பது "எந்த ஸ்பூன் நல்லது?" என்றுதான். ஸ்பூன் என்பது மீன் போல மினுங்கும் உலோகப் பொய் இரை. அதற்கு அப்புறம் செலவழிக்கலாம் என்பேன். உங்கள் இரை எத்தனை அடி ஆழத்தில் போகிறது, அங்கே தண்ணீர் எத்தனை டிகிரி, அங்கே அதன் வேகம் என்ன? இந்த மூன்றையும் அறியவும் விரும்பியபடி பிடித்து வைக்கவும் தேவையானவற்றுக்குத்தான் முதல் காசு போக வேண்டும்.

ஏன் என்று விளங்க ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதன் ஆகக்கூடிய ஆழம் 244 மீட்டர், சராசரியே 86 மீட்டர். ஏப்ரலில் மேலிருந்து கீழ்வரை கிட்டத்தட்ட ஒரே குளிர், 4 டிகிரிக்குப் பக்கத்தில். அப்போது மீன் ஓரளவு சூடேறிய கரையோரத் தண்ணீரைத் தேடி வரும். அதனால்தான் வசந்த காலத்தில் எல்லோரும் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு ஏரியின் தென்மேற்கு மூலைக்கு, போர்ட் டல்ஹவுசிக்கும் நயாகரா ஆறு கலக்கும் இடத்துக்கும் போகிறார்கள். ஜூலையில் நிலைமை வேறு. மேலே 20 டிகிரிக்கு மேல், அடியில் 5, 6 டிகிரி. இடையில் சில அடிகளுக்குள்ளேயே வெப்பம் சட்டென்று விழும் ஒரு படை உண்டு. சினூக் அந்தப் படையை ஒட்டி, 10 முதல் 13 டிகிரித் தண்ணீரில் நிற்கப் பார்க்கும். லேக் ட்ரவுட்டுக்கு இன்னும் குளிர் வேண்டும். அது கீழே, பெரும்பாலும் தரையை ஒட்டியே கிடக்கும்.

இந்தப் படை ஓரிடத்தில் நிற்பதில்லை. வடகரையில் மேற்குக் காற்று இரண்டு மூன்று நாள் விடாமல் அடித்தால், பூமியின் சுழற்சியால் மேல்தண்ணீர் காற்றின் வலப்பக்கமாக, அதாவது தெற்கே தள்ளப்படும். அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த தண்ணீர் கரையோரமாக மேலே ஏறும். அந்த நாட்களில் 40 அடியிலேயே சினூக் கிடைக்கும். கிழக்குக் காற்று அடித்தால் எதிர்மாறு: சூடான தண்ணீர் எங்கள் கரையில் வந்து குவிந்து, குளிர் படை 100 அடிக்கும் கீழே போய்விடும். போன கிழமை மீன் பிடித்த ஆழத்தை அப்படியே இந்தக் கிழமையும் போட்டுப் பார்ப்பவர்கள் வெறுங்கையோடு திரும்புவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஸ்பூனின் நிறம் அல்ல.

இனிப் படகு. 19 அடி அலுமினியம், அடிப்பாகம் ஆழமான வி வடிவம், பக்கச் சுவர் உயரமானது. இந்த ஏரியின் அலைகள் பெரிதாக இல்லாவிட்டாலும் நெருக்கமாக வரும். ஒன்று இறங்குவதற்குள் அடுத்தது முகத்தில் அடிக்கும். தட்டையான அடியுள்ள படகில் அப்படி ஒரு மணி நேரம் திரும்பி வந்தால் முதுகு தாங்காது. அலுமினியத்தின் குறை, அது இலேசு. பக்கக் காற்றில் முன்பக்கம் ஒதுங்கிக்கொண்டே இருக்கும். பாரமான ஃபைபர் படகு இதில் நிச்சயம் மேல். ஆனால் தனியாக ட்ரெய்லரில் ஏற்றி இறக்க எனக்கு இதுவே வசதி. பிரதான மோட்டார் 115 குதிரைவலு. அதன் பக்கத்தில் 9.9 குதிரைவலுவில் ஒரு சின்ன மோட்டார், இங்கே கிக்கர் என்பார்கள். ட்ரோலிங் முழுவதும் கிக்கரில்தான். பெரிய மோட்டாரைப் போட்டால் அதன் ஆகக் குறைந்த வேகமே லேக் ட்ரவுட்டுக்குக் கூடிவிடும், எரிபொருளும் வீணாகும். பெரியது நடு ஏரியில் நின்றுபோனால் கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் கிக்கர்தான்.

கிக்கரில் நான் எதிர்பார்க்காத ஒரு குறை பற்றரி. அது மின்னூட்டம் செய்யும், உண்மைதான். ஆனால் ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் சோனார், இரையை ஆழத்துக்கு இறக்கும் மின்சார டவுன்ரிகர், முன்பக்க மின் மோட்டார் எல்லாம் சேர்ந்து இழுக்கும்போது அது போதாது. மத்தியானத்துக்குள் வோல்டேஜ் இறங்கி சோனார் திரை அணையத் தொடங்கும். இப்போது மோட்டார் ஸ்டார்ட் செய்வதற்கு ஒரு பற்றரி, மற்ற எல்லாவற்றுக்கும் தனியாக இரண்டு. அதற்குப் பிறகு தொல்லை இல்லை. முன்பக்கத்தில் ஜிபிஎஸ் உள்ள மின் மோட்டார் திசையை மட்டும் பார்த்துக்கொள்ளும், தள்ளுவது கிக்கரின் வேலை. ஆள் இல்லாமல் படகு நேர்கோட்டில் போனால்தான் இரண்டு பேர் ஆறுதலாகத் தூண்டில் போட முடியும். பின்னாலிருந்து அலை வரும் நாட்களில் படகு முன்னே பாய்ந்து பாய்ந்து போகும். அப்போது இருபக்கமும் கன்வஸ் இழுபைகள் இரண்டைக் கட்டி விடுவேன். மலிவான சாமான், ஆனால் வேகம் சீராகிவிடும்.

அடுத்தது டவுன்ரிகர். கம்பியின் நுனியில் கட்டிய ஈயக் குண்டை வேண்டிய ஆழத்துக்கு இறக்கும் பொறி இது. குண்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளிப், அதில் தூண்டில் நூல். மீன் அடித்ததும் நூல் கிளிப்பை விட்டு விடுபடும், பிறகு தடியும் மீனும் மட்டும்தான். கையால் சுற்றுவதில் தொடங்கி மின்சாரத்துக்கு மாறினேன். 100 அடியிலிருந்து 12 பவுண்ட் குண்டைக் கையால் ஏற்றுவது ஒருமுறை என்றால் சரி, நாள் முழுக்க என்றால் தோள் போய்விடும். முதலில் வாங்கிய மின்சாரப் பொறி ஒன்றின் கிளட்ச் இரண்டாம் பருவத்திலேயே வழுக்கத் தொடங்கியது, குண்டு தானாகவே இறங்கிக்கொண்டு போகும். திருத்தக் கொடுத்த கடையில் முழுக் கோடையும் கிடந்தது. அதற்குப் பிறகு கிளட்ச் தகடு, ஃபியூஸ், கிளிப் எல்லாம் உதிரியாக வீட்டில் வைத்திருக்கிறேன்.

அப்போதே உருக்குக் கம்பியைக் கழற்றி 200 பவுண்ட் பின்னல் நூல் போட்டுவிட்டேன். எல்லாவற்றிலும் எனக்கு அதிக திருப்தி தந்த மாற்றம் இதுவாகத்தான் இருக்கும். கம்பி தண்ணீருக்குள் ரீங்காரமிடும், இழை பிரிந்து கையைக் குத்தும். கம்பியில் உண்டாகும் சிறு மின்னழுத்தம் மீனை ஈர்க்கும், விரட்டும் என்று இருபக்கமும் பேச்சு உண்டு. பின்னல் நூலில் அந்த யோசனையே தேவையில்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: படகின் விளிம்பில் உரசும் இடத்தை அடிக்கடி தடவிப் பார்த்து, நைந்த நுனியை வெட்டிவிட்டுக் குண்டைத் திரும்பக் கட்ட வேண்டும்.

விட்ட நூலின் நீளத்தை அளக்கும் கவுண்டர் 100 அடி என்று காட்டினாலும் குண்டு 100 அடியில் இருக்காது. தண்ணீர் பின்னால் தள்ளுவதால் அது சாய்ந்து, சில அடி மேலேயே ஓடும். வேகம் கூடினால் சாய்வும் கூடும். அதனால் ஆழமான நாட்களில் 15 பவுண்ட் குண்டு போடுகிறேன்.

ஃபிஷ் ஹோக் என்ற கருவியைப் பற்றி நீளமாகவே சொல்லலாம். குண்டுக்குச் சற்று மேலே ஒரு சிறிய புரோபைக் கட்டிவிடுவீர்கள். அது அந்த ஆழத்தின் வெப்பத்தையும், அங்கே தண்ணீருக்குள் குண்டு போகும் வேகத்தையும் ஒலி அலையாகப் படகுக்கு அனுப்பும். கொஞ்ச விலை இல்லை, வாங்குவதற்கு முன் நீண்ட நாள் யோசித்தேன். வாங்கி முதலில் விளங்கியது, ஜிபிஎஸ் காட்டும் வேகத்துக்கும் ஆழத்தில் உள்ள வேகத்துக்கும் சம்பந்தமே இல்லாத நாட்கள் எத்தனை என்பதுதான். மேலே மணிக்கு 2.5 மைல் என்று திரை சொல்லும். கிழக்கே போகும்போது கீழே 1.6, திரும்பி மேற்கே வரும்போது 3.2. கீழே ஓடும் நீரோட்டம்தான் காரணம். ஒரு திசையில் போகும்போது மட்டும் மீன் அடிக்கிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்கான விடை இந்த இலக்கங்களில் இருக்கிறது. இப்போது நான் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்ப்பதே இல்லை. கீழ் வேகம் சினூக்குக்கு 2.2 முதல் 2.8 மைல், லேக் ட்ரவுட்டுக்கு 1.5 முதல் 1.9. அவ்வளவுதான். புரோபின் பற்றரியைப் பருவத் தொடக்கத்தில் மாற்றுங்கள். மூடியின் ரப்பர் வளையத்துக்குக் கொஞ்சம் கிரீஸ் பூசினால் போதும், தண்ணீர் புகாது.

டவுன்ரிகருக்கு வெளியே இருபக்கமும் டிப்ஸி டைவர் போடுகிறேன். தட்டு மாதிரியான இது தண்ணீரின் இழுப்பிலேயே இறங்கிப் பக்கவாட்டிலும் விலகிப் போகும். அதில் உள்ள எண்களில் 3 என்பதில் வைத்தால் ஆக வெளியே போகும், விட்ட நூலின் மூன்றில் ஒரு பங்கு ஆழம் என்பது என் படகில் சரிவருகிற கணக்கு. நடுவில் ஈயம் உள்ளே வைத்த லெட்கோர் நூல் ஒன்று. பத்து யார் நீளத்துக்கு ஒருமுறை நிறம் மாறும், மெதுவாகப் போகும்போது நிறத்துக்கு ஐந்து அடி இறங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்ராறியோ ஏரியில் படகிலிருந்து ஒருவர் இரண்டு தூண்டில் பாவிக்கலாம் என்பதால், மூன்று பேர் இருந்தால் இந்த அணிவகுப்பு தாராளம். மற்ற ஏரிகளில் விதி வேறு, அந்தந்த வருட விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் கடைசியில் தண்ணீர்ப்பேன் வரும். முள்வால் உள்ள இந்தச் சின்னஞ்சிறு நீர் உயிரிகள் வேறு கண்டத்திலிருந்து கப்பல் தண்ணீரோடு வந்தவை. நூலில் பஞ்சு போல் படிந்து, தடியின் நுனி வளையத்தில் அடைத்துவிடும். மீன் படகுக்கு 30 அடியில் நிற்கும்போது றீல் சுற்ற முடியாமல் போனால் வரும் கோபத்தைச் சொல்லி முடியாது. மெல்லிய நூலில்தான் அதிகம் பிடிக்கும். அதனால் கோடையில் டவுன்ரிகர் தடிகளில் 30 பவுண்ட் தங்கூசி, டிப்ஸி தடிகளில் கம்பி நூல்.

இரைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். விடிய முன் இருட்டில் ஒளிரும் ஸ்பூன்கள், வெயில் ஏறிய பிறகு பச்சை, வெள்ளி. ஆகஸ்டில், ஆறுகளின் வாயில் பெரிய சினூக் கூடும் நாட்களில், 8 அல்லது 11 அங்குல ஃபிளாஷரும் (சுழன்று மினுங்கும் தட்டு) அதன் பின்னால் ஒரு ஃபிளையும் (மினுங்கும் இழைகளால் கட்டிய பொய் இரை). பெட்டியில் நூறு ஸ்பூன் இருந்தாலும் தண்ணீரைப் பார்ப்பது பத்துதான்.

லேக் ட்ரவுட்டை இங்கே பலர் இளக்காரமாகப் பேசுவார்கள், சினூக் மாதிரி நூலை இழுத்துக்கொண்டு ஓடாது என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. இது இந்த ஏரியின் சொந்த மீன். அளவுக்கு மீறிப் பிடித்ததாலும் மீனில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் கடல் லாம்ப்ரேயாலும் 1950களுக்குள் ஒன்ராறியோ ஏரியில் அற்றே போனது. 1970களிலிருந்து குஞ்சு விட்டுத்தான் திரும்பவும் நிலைநிறுத்தப் பார்க்கிறார்கள். சினூக்தான் வந்தேறி, 1960களின் கடைசியிலிருந்து பசிபிக் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விட்டது. லேக் ட்ரவுட்டுக்குக் குண்டைத் தரையில் தட்டவிட்டு, ஒரு அடி மேலே தூக்கி, பின்னால் டாட்ஜரும் (ஆடி அசையும் உலோகத் தட்டு) ஸ்பின் அண்ட் குளோவும் (சுழலும் சிறிய பொய் இரை) கட்டி மிக மெதுவாகப் போங்கள். குண்டு தரையில் மண்ணைக் கிளப்புவதே அதைக் கூப்பிடும். ஆழத்திலிருந்து வரும்போது காற்றுப்பையில் உள்ள காற்றை அதுவே குமிழியாக வெளியே விடும், அதனால் திரும்ப விட்டால் பிழைக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் கோடையில் மேல்தண்ணீரின் சூடு அதற்கு ஆகாது. படம் எடுப்பதானால் சில விநாடி, உடனே தலைகீழாக நீரில் பாய்ச்சிவிடுங்கள்.

பாதுகாப்பில் சிக்கனம் பார்க்க வேண்டாம். மே மாதம் கரையில் 20 டிகிரி வெயில் இருந்தாலும் தண்ணீர் 5, 6 டிகிரிதான். விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு தானாகவே இழுக்கும், பத்து நிமிடத்துக்குள் கைவிரல் வேலை செய்யாது. உயிர்காப்பு அங்கி இருக்கையின் கீழே இருந்து பயனில்லை, உடம்பில் இருக்க வேண்டும். படகின் விஎச்எஃப் ரேடியோவில் ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சானல் எப்போதும் திறந்திருக்கும். சூடான காற்று குளிர் தண்ணீர் மேல் வரும் காலைகளில் மூடுபனி நிமிடங்களில் இறங்கும், கரையின் உயரமான மண் மேடுகூடத் தெரியாது.

சாப்பிடுவதைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஜூன், ஜூலையில் வரும் 6, 8 பவுண்ட் சினூக்தான் புளி விட்ட குழம்புக்கும் பொரியலுக்கும் எங்கள் வீட்டில் விருப்பம். செப்டம்பரில் ஆற்றுக்குத் திரும்புவதற்காகக் கறுத்த மீனின் சதை வெளிறி, ருசி இருக்காது. ஒன்ராறியோ அரசு ஏரி, மீன் இனம், நீளம் என்று பிரித்து, மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று ஒரு வழிகாட்டி வெளியிடுகிறது. பிள்ளைகளுக்கும் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கும் அதில் தனிக் கணக்கு இருக்கிறது. மீனை ஐஸில் வைக்கும் முன்பே நீளத்தை அளந்து எழுதி வைத்தால் வீட்டில் பார்க்கச் சுலபம். பிசிபி என்ற நச்சு இரசாயனம் கொழுப்பில் சேர்வதால் தோல், முதுகோரக் கொழுப்பு, வயிற்றோரக் கொழுப்பு மூன்றையும் வெட்டி எறிந்துவிடுவோம். பாதரசம் சதையில் இருப்பதால் அதை வெட்டி நீக்க முடியாது. அதற்காகத்தான் வீட்டுக்குச் சிறிய மீனையே கொண்டுவருகிறோம்.