எஞ்சின் அறைத் தீ: வாயுவா, நீர்த்தூவலா?

வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஏதாவது ஒரு பலநாள் படகின் எஞ்சின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். அடியில் எண்ணெய் மிதக்கும் தண்ணீர், பக்கத்திலே டீசல் குழாய், அதற்கு ஒரு முழம் தள்ளிப் புகைக்குழாய். டீசல் குழாயில் மயிரிழை வெடிப்பு விழுந்து, பீறும் டீசல் சூட்டில் பட்டால் தீப்பொறியே வேண்டாம். அதனால்தான் 220 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறும் பரப்புகளைக் கப்பல்களில் காப்புறையால் மூடச் சொல்கிறது சர்வதேச விதி.

இந்தத் தீயை அணைக்க இரண்டு வழி. ஒன்று வாயு: காபனீரொட்சைட்டு தீயின் மூச்சை அடைக்கும். காற்றிலுள்ள 21 வீத ஒட்சிசன் 15 வீதத்துக்குக் கீழே போனால் எண்ணெய்த் தீ பெரும்பாலும் அடங்கிவிடும். வாயு மூலை முடுக்கெல்லாம் புகும், எஞ்சினைக் கெடுக்காது. ஆனால் உள்ளே நிற்கும் ஆளையும் கொல்லும். ஆட்களை எண்ணி வெளியே எடுத்து, காற்றுவழிகளை அடைத்த பிறகே வாயுவைத் திறக்கலாம். அதுவரை தீ வளரும். அப்புறம், இரும்பின் சூடு அப்படியே இருக்கும். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் தீ திரும்பவும் மூளும்.

மற்றது நீர்த்தூவல்: தண்ணீரைப் பம்பால் நுண்துளிகளாகத் தூவுவது. அது சூட்டையே இறக்கும். 1 லீற்றர் தண்ணீர் ஏறத்தாழ 1,700 லீற்றர் நீராவியாகும். ஆள் உள்ளே இருக்கும்போதே தொடங்கலாம், எனக்கு இதுதான் பெரிய விஷயம். குறை என்றால், பம்பும் மின்சாரமும் வேண்டும். தட்டுக்கடியில் ஒளிந்த சிறு தீயை எட்டாது.

2020 செப்டெம்பர் 3ஆம் திகதி சங்கமன்கண்டிக்குக் கிழக்கே ‘நியூ டயமண்ட்’ கப்பலின் எஞ்சின் அறையில் தீப்பிடித்தது. கப்பலில் சுமார் 2,70,000 தொன் மசகு எண்ணெய். ஒருவர் இறந்தார். அணைந்துவிட்டது என்று நினைத்த தீ 7ஆம் திகதி மறுபடியும் மூண்டது. தீயை அணைப்பது வேறு, சூட்டை ஆற்றுவது வேறு.

ஆகவே பெரிய கப்பலுக்கு என் தெரிவு: முதலில் தூவல், அடங்காவிட்டால் வாயு. நம் படகில் தூவலுக்குப் பம்பு வைக்க இடமேது? அங்கே வாயுச் சிலிண்டர்தான் சரி. ஆனால் மூடியைத் திறந்து அடிக்கக் கூடாது. திறந்தால் காற்றும் சேர்ந்து இறங்கும், பைபர் உடலும் பற்றும். மூடியில் சிலிண்டர் வாய் நுழையுமளவுக்கு ஒரு துளை, அதற்கொரு அடைப்பு, டீசல் வால்வை வெளியே நின்றே பூட்ட ஒரு வழி. அடுத்த முறை படகு கரையேறும்போது இதைச் செய்துகொள்ளுங்கள்.