குள்ளர் கத்தி செய்யக் கொடுக்கிறீர்களா? பிடியை ஒட்டும் முன் உள்ளே பாருங்கள்

ஃபேன்டஸிக் கதைகளில் வரும் குள்ளர்களின் பாணியில் நான் வரைந்து செய்யக் கொடுத்த கத்தி, வந்து பதினோராவது நாள் இரண்டாகப் பிரிந்தது. உடைந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, கழன்றது. காய்ந்த மரக்குச்சி ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தேன். கட்டைவிரலை முதுகில் வைத்து அழுத்தி மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினேன், 'க்ளக்' என்று ஒரு சத்தம். பிடி கையிலேயே இருந்தது. அலகு என் காலுக்கு அரை அடி தள்ளிக் கிடந்தது. செருப்புகூடப் போட்டிருக்கவில்லை.

குனிந்து எடுத்துப் பார்த்தேன். பிடிக்குள் போகிற வால், டேங் என்பார்களே, அது சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. ஸ்கேல் வைத்து அளந்தேன்: 38 மில்லிமீட்டர். நான் வரைந்து கொடுத்த வால் பிடியின் முழு நீளத்துக்கும் ஓடி, பின்பக்கக் குமிழைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, அங்கே சுத்தியலால் தட்டி மடக்கப்பட்டிருக்க வேண்டும். வந்த வாலைச் சுற்றிச் சாம்பல் நிற எபாக்சி, அதிலும் நடுநடுவே காற்றுக்குழிகள். வாலின் பக்கங்கள் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தன. பசை பிடிக்க ஒரு கீறலோ ஒரு துளையோ போடவில்லை. மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்த கத்தி, கொஞ்சம் பசையில்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

செய்தவர் பெயரைப் போடப் போவதில்லை. போட்டாலும் பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த வாரமே புதுப் படங்களோடு வந்து நிற்பார். நான் எங்கெங்கே கோட்டை விட்டேன் என்று சொல்கிறேன், அதுதான் உங்களுக்கு உதவும்.

முதலில் கத்தியைப் பற்றி. ஃபேன்டஸிக் கதைகளில் எல்ஃப் என்ற வனதேவதை இனத்தின் கத்தி என்றால் வளைவு, இலை, கொடி. குள்ளர் கத்தி என்றால் நேர்கோடு, மூலை, கனம். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் சுவரில் மாட்டத்தான் லாயக்கு. எனக்கு வேலை செய்கிற கத்தி வேண்டும். சுரங்கத்தில் நாள் முழுக்கப் பாறை உடைக்கிற ஆள், இடுப்பில் எதைச் செருகிக்கொண்டு போவான் என்று யோசித்தேன். நீளம் வேண்டாம், குறுகலான இடத்தில் இடிக்கும். கையுறையோடு பிடிக்க வசதியான பிடி. கயிறு அறுக்க வேண்டும், மரம் சீவ வேண்டும், தோல் வெட்ட வேண்டும்.

அடிப்படைக்குச் சாக்ஸ் என்ற பழைய ஜெர்மானியக் கத்தியை எடுத்துக்கொண்டேன். ஒரு பக்கம் மட்டும் கூர். முதுகு நேராக வந்து, ஓரிடத்தில் சட்டென்று மூலை திரும்பி, நேர்கோடாகவே முனைக்கு இறங்கும். அந்த மூலைக்காகவே இதை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் எனக்கு அலுக்காது. 1857-இல் லண்டனில் தேம்ஸ் நதியிலிருந்து எடுத்த ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட 72 சென்டிமீட்டர், அலகில் ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்துகள் 28-உம் வரிசையாகப் பதித்திருக்கும். அது வாள் அளவு. நான் அதை 130 மில்லி அலகாகச் சுருக்கினேன். முதுகுத் தடிமன் 4 மில்லி, பிடி 118 மில்லி, எட்டுப் பட்டை. பட்டை வெறும் அழகுக்கு என்று நினைக்க வேண்டாம். இருட்டில் பிடித்தாலும் கூர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று உள்ளங்கைக்கே தெரியும். முடிச்சு வேலைப்பாடு பூணிலும் குமிழிலும் மட்டும், கை படும் இடத்தில் சுத்தமாக ஒன்றும் கூடாது.

இத்தனையும் வரைந்தேன். ஆனால் பக்கவாட்டுத் தோற்றத்தை மட்டும்தான் வரைந்தேன். மேலிருந்து பார்த்தால் எப்படி, குறுக்கே வெட்டினால் எப்படி என்று வரையவில்லை. தடிமனை ஓரத்தில் குறிப்பாக எழுதியதோடு சரி. முதல் தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். குறுக்குவெட்டு இல்லாத வரைபடம் கொடுத்தால், கத்தி எப்படி வெட்ட வேண்டும் என்பதைச் செய்பவர் கையில் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம்.

கத்தி செய்தவர் போட்டிருந்த படங்கள் பிரமாதம். நெருப்பு, புகை, பட்டறைக்கல்லில் தெறிக்கும் பொறி. என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "சார், இந்த மாதிரி ஒரு டிசைனை நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல" என்றார். அதோடு நான் விழுந்தேன். நம் கிறுக்கலை ஒருவர் பாராட்டினால் கண் கொஞ்சம் மங்கத்தான் செய்கிறது. அப்புறம் நிறைய கேள்வி கேட்டார். ரூன் எந்த இடத்தில், பூணுக்குப் பழமையான சாயல் வேண்டுமா, மரம் அடர் நிறமா வெளிர் நிறமா, பெட்டிக்குள் என்ன நிறத்தில் துணி. எல்லாம் கேட்டவர், என் உள்ளங்கை எத்தனை அகலம் என்று கேட்கவில்லை. இதை வைத்து என்ன வெட்டப் போகிறேன் என்றும் கேட்கவில்லை. கத்தி செய்கிறவர் கேட்க வேண்டிய முதல் இரண்டு கேள்விகள் அவை.

பாதிப் பணம் முன்பணம், மீதி அனுப்பும் முன். டமாஸ்கஸ் அலகு என்று பேச்சு: 1084 கார்பன் எஃகும், 15என்20 என்ற நிக்கல் கலந்த எஃகும் அடுக்கடுக்காக வைத்து உலையில் பற்றவைத்தது. அமிலத்தில் நனைத்தால் முன்னது கறுக்கும், பின்னது வெள்ளியாய் மின்னும். நடுவில் ஒரு வீடியோ அனுப்பினார். செக்கச்செவேல் என்று பழுத்த அலகை எண்ணெயில் இறக்குகிறார், குப்பென்று தீ. தோய்ச்சல் கண் முன்னால் நடக்கிறது, இன்னும் என்ன சந்தேகம் என்று மீதிப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

பெட்டியைத் திறந்ததும் கனம்தான் முதலில் தட்டியது. 520 கிராம். நான் கணக்குப் போட்டது 230 வாக்கில். முதுகை அளந்தால் 8 மில்லி. கேட்டதற்கு, "குள்ளர் கத்தின்னா வெயிட்டா இருந்தாதானே சார் கெத்து?" என்று பதில். 4 மில்லியை 8 ஆக்கினால் கனம் மட்டும் கூடாது, வெட்டே மாறிவிடும். கூருக்குச் சற்று மேலே அலகு எத்தனை தடிமனாக இருக்கிறது என்பதுதான் கத்தி வழுக்கிக்கொண்டு போகுமா, ஆப்பு மாதிரி பிளக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. சாணை பிடிக்கும் முன் அந்த இடத்தில் அரை மில்லிக்குள் இருந்தால் நன்றாக வெட்டும். இதில் ஒன்றரை மில்லி. கேரட் ஒன்றை வைத்து அழுத்தினேன். பாதி தூரம் போனதும் 'சடக்' என்று துண்டு பிளந்து மேசைக்கு அந்தப்பக்கம் பறந்தது. வெட்டிய முகத்தைத் தடவினால் மேல்பாதி வழவழப்பு, கீழ்ப்பாதி விறகு பிளந்த மாதிரி.

பிடி 94 மில்லி. என் உள்ளங்கைக்கே அது சரியாகப் போய்விட்டது, கையுறை போட்டால் குமிழ் உள்ளங்கையில் குத்துகிறது. வெறுமையாக விடச் சொன்ன இடம் பூராவும் முடிச்சு வேலைப்பாடு, ஓரமெல்லாம் கூர்மையாக. கால் மணி நேரம் சீவியதில் ஆள்காட்டி விரலின் அடியில் கொப்புளம்.

ஸ்காண்டிநேவியப் பழங்கதை ஒன்று உண்டு. குள்ளர்கள் தோர் என்ற கடவுளுக்குச் சுத்தியல் அடிக்கும்போது, குறும்புக்கார லோகி ஈ உருவில் வந்து, துருத்தி ஊதிக்கொண்டிருந்த புரோக் என்ற குள்ளனின் இமையைக் கடித்துவிடுகிறான். ஒரு கணம் ஊதுவது தடைப்பட்டு, சுத்தியலின் பிடி குட்டையாகிவிடுகிறது. அங்கே ஈ கடித்தது. இவரை எது கடித்ததோ தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க, 'சரி, கனம் கொஞ்சம் அதிகம், அழகாகத்தானே இருக்கிறது' என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். கழன்ற பிறகுதான் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். வந்த அன்றே செய்திருக்க வேண்டும்.

கூரின் ஓரத்தில் ஒரு நல்ல அரத்தை வைத்து மெல்லத் தள்ளினேன். எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் அரம் 65 வாக்கில் இருக்கும். ஒழுங்காகத் தோய்ச்சல் கண்ட கத்தி 58, 60 என்று இருக்கும், அரம் அதன் மேல் வழுக்கும். இதில் கடித்து இழுத்தது, வெள்ளைத் தூள் கொட்டியது. மேல்தோலில் மட்டும் கார்பன் குறைந்து மென்மையாகியிருக்கலாம் என்று சாக்கு சொல்வார்கள். அதனால்தான் சாணை பிடித்த இடத்திலேயே பார்த்தேன். அங்கேயும் வெண்ணெய்தான்.

டமாஸ்கஸ் கோலம் அடுத்தது. முதுகுப் பக்கம் நகம் அளவு இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, எஃகை அரிக்கும் ஃபெரிக் குளோரைடை நீர்த்துத் தொட்டு வைத்தேன். அசல் என்றால் ஐந்து பத்து நிமிடத்தில் கோடுகள் அதே இடத்தில் திரும்ப எழும்பி வரும், ஏனென்றால் அடுக்கு உள்ளே வரை ஓடுகிறது. என்னுடையது ஒரே சாம்பல் திட்டாக மங்கியது. கோலம் அச்சடித்தது. பித்தளைப் பூணை அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் உள்ளே துத்தநாகக் கலவையின் வெளிறிய நிறம்.

வீடியோவுக்கு வருகிறேன். மறுபடி ஓட்டி, தீ எழும் முன் நிறுத்திப் பார்த்தேன். பழுத்த அலகின் முதுகு நேராக ஆரம்பித்து நேராகவே முடிகிறது. என் கத்தியின் உயிரே முதுகில் இருக்கும் அந்த மூலைதான். வீடியோவில் மூலையே இல்லை. அது வேறு யாருடைய கத்தியோ, அல்லது எல்லாருக்கும் அனுப்புகிற ஒரே வீடியோவோ. மீதிப் பணம் அனுப்பும் முன் நான்கு தடவை பார்த்தேன், நான்கு தடவையும் தீயைத்தான் பார்த்தேன்.

ரூனையும் சொல்லிவிடுகிறேன். பழைய 24 எழுத்து வரிசையில் 'கல்' என்று மூன்றே எழுத்து கேட்டிருந்தேன், குள்ளருக்கும் பொருந்தும், கத்தி தீட்டவும் பொருந்தும். கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிப் பதிந்திருக்கிறது, அச்சுத்தாளைத் திருப்பி ஒட்டிவிட்டார் போல. ஆனால் பழங்காலத்தில் ரூனை வலமிருந்து இடமாகவும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்தக் கத்தியில் தற்செயலாகவேனும் சரியாக அமைந்தது இது ஒன்றுதான்.

படங்களோடு அவருக்கு எழுதினேன். முதல் பதில்: "சார், அது ஃபேன்டஸி பீஸ், டிஸ்ப்ளேவுக்குத்தான். நீங்க மரமெல்லாம் சீவினா எப்படி?" கயிறு அறுக்கவும் மரம் சீவவும் என்று நான் முதல் நாளே எழுதியிருந்ததை எடுத்துக் காட்டினேன். இரண்டாவது பதில்: "பசை போட்டு ஒட்டிக்கலாம் சார், எந்தப் பசைன்னு சொல்றேன்." மூன்றாவது பதில் வரவில்லை. முன்பணம் ஒரு வழியில், மீதி இன்னொரு வழியில் அனுப்பச் சொல்லியிருந்தார். இரண்டாவதில் புகார் கொடுக்கவே இடமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முன்பணத்தில் மட்டும் ஒரு பகுதி திரும்ப வந்தது.

இப்போது யாராவது என்னிடம் யோசனை கேட்டால் முதலில் சொல்வது, பிடியை ஒட்டும் முன் வாலின் படம் வேண்டும் என்பதுதான். பக்கத்தில் ஸ்கேல் வைத்து, அன்றைய தேதியைத் தாளில் எழுதி வைத்து எடுத்த படம். பணத்தின் ஒரு தவணையை அந்தப் படத்தோடு கட்டிவிடுங்கள். வாலும் அலகும் சேருகிற உள்மூலை வளைவாக இருக்கிறதா என்று அதிலேயே பாருங்கள். சதுரமாக வெட்டியிருந்தால் எண்ணெயில் தோய்க்கும்போதே அங்கே விரிசல் விழலாம், குள்ளர் பாணி என்ற பெயரில் எல்லா மூலையையும் கூராக்கிவிடுகிற ஆசை நமக்கும் இருக்கும். முதுகுத் தடிமன், கூருக்கு மேல் தடிமன், மொத்த எடை, மூன்றையும் எண்ணாக எழுதி ஒப்புதல் வாங்குங்கள். 'கனமாக', 'உறுதியாக' என்று எழுதினால் 8 மில்லி வரும். எந்த எஃகு என்பதோடு, தோய்ச்சலுக்கு அப்புறம் எத்தனை சூட்டில் எத்தனை மணி நேரம் திரும்ப வாட்டினார் என்று கேளுங்கள். 1084 போடுகிறவர் 200 டிகிரி வாக்கில், இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு தடவை என்று யோசிக்காமல் சொல்வார். எனக்குச் செய்தவருக்கு அந்தக் கேள்வி போயிருந்தால் பெட்டித் துணியின் நிறத்தைப் பற்றிப் பேசியிருப்பார்.

வேறொரு பட்டறையில் அதே வரைபடத்தைக் கொடுத்திருக்கிறேன், இந்த முறை குறுக்குவெட்டும் சேர்த்து. அவர் இன்னும் பணம் பற்றிப் பேசவில்லை. பிடியை முதலில் சாதாரணப் பைன் மரத்தில் செதுக்கி, ஒரு வாரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள் என்றார். செதுக்கினேன். 118 மில்லி என்று நான் வரைந்ததும் கொஞ்சம் குறைவுதான், 122 வேண்டியிருக்கிறது.